மேலே ஒரு கண், கீழே ஆறு சக்கரம்: வாசகர் கேள்விகள்

செவ்வாயைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கி, இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

*பெர்செவரன்ஸ் ரோவர் மணிக்கு 150 மீட்டர்தான் போகுமாமே? இவ்வளவு பணம் கொட்டிச் செய்த வண்டி ஏன் இப்படி ஊர்கிறது? இங்கிருந்தே ரிமோட்டில் வேகமாக ஓட்டக்கூடாதா?*
(கல்லூரி மாணவர், கரூர்)

ஓட்டலாம், ரிமோட்டை அழுத்தியதும் அங்கே வண்டி திரும்புமென்றால். செவ்வாய் நமக்கு மிக அருகில் இருக்கும்போதே சிக்னல் போய்ச்சேர சுமார் 3 நிமிடம் ஆகும், தொலைவில் இருந்தால் 22 நிமிடம் வரை. எதிரே குழி இருக்கிறது என்று படம் வந்து, நீங்கள் பதறிப்போய் பிரேக் போடச் சொன்னால், அந்தக் கட்டளை போய்ச்சேருவதற்குள் வண்டி குழிக்குள் கிடக்கும். அதனால் அங்கே யாரும் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவதில்லை. முந்தைய நாள் வந்த படங்களைக் கலிஃபோர்னியாவிலுள்ள நாசாவின் ஜேபிஎல் மையத்தில் உட்கார்ந்து முப்பரிமாணத்தில் பார்த்து, எந்தக் கல்லைச் சுற்றிப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு நாள் வேலையை மொத்தமாக எழுதி அனுப்புவார்கள், வண்டி அதைத் தன் போக்கில் செய்து முடிக்கும். செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிடக் கிட்டத்தட்ட 40 நிமிடம் நீளம் என்பதால், தரையிறங்கிய முதல் சில மாதங்களில் ஜேபிஎல்லில் இருப்பவர்களின் வேலை நேரமும் தினமும் 40 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இன்று காலையில் வேலைக்குப் போகிறவர் ரெண்டரை வாரம் கழித்து ராத்திரியில் போவார். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

இன்னொரு காரணம் மின்சாரம். பெர்செவரன்ஸின் எடை ஒரு டன்னுக்கு மேல், ஆனால் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து அதற்குக் கிடைப்பது சுமார் 110 வாட்தான். நம் வீட்டில் ஒரு சீலிங் ஃபேனும் ஒரு டியூப்லைட்டும் ஓடுகிற அளவு. அப்படியும் ஓடிக்கொண்டே படம் எடுத்துத் தானே வழி கண்டுபிடிக்கிற திறமை அதற்கு இருப்பதால், ஒரே நாளில் 300 மீட்டருக்கு மேல்கூடப் போயிருக்கிறது. மாட்டிக்கொண்டால் இழுத்துவிட அங்கே ஆள் கிடையாது. 2009-இல் ஸ்பிரிட் ரோவர் மணலில் புதைந்தது, கடைசிவரை வெளியே வரவேயில்லை.

*மேலே சுற்றும் கேமராவே அத்தனை தெளிவாகப் படம் எடுக்கிறதே, பிறகு எதற்கு வண்டியைக் கீழே இறக்கி இந்தப் பாடு?*
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, நல்ல கேள்வி. 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் எம்ஆர்ஓ விண்கலத்தில் ஹைரைஸ் என்றொரு கேமரா இருக்கிறது. சுமார் 300 கி.மீ. உயரத்திலிருந்து எடுத்தாலும் அதன் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறக்குறைய 30 செ.மீ. 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு இறங்குவதையே அது படம் பிடித்தது. 2003 கிறிஸ்துமஸ் அன்று தரையிறங்கப் போய்க் காணாமலே போன பிரிட்டனின் பீகிள் 2, செவ்வாய்த் தரையில் நொறுங்காமல் உட்கார்ந்திருப்பதை 2015-இல் உலகுக்குக் காட்டியதும் இதே கேமராதான்.

ஆனால் வடிவத்தைப் பார்ப்பது வேறு, பாறையைத் தொட்டுப் பார்ப்பது வேறு. குசெவ் என்ற பெரிய பள்ளத்துக்குள் ஒரு பழைய ஆற்றுத்தடம் வந்து முடிவது மேலிருந்து எடுத்த படங்களில் தெளிவாகத் தெரிந்தது. ஏரி இருந்த இடம் என்று நம்பித்தான் 2004-இல் ஸ்பிரிட்டை அங்கே இறக்கினார்கள். கீழே போய்ப் பார்த்தால் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை! ஏரி வண்டல் அந்தச் சமவெளியில் கண்ணிலேயே படவில்லை. அப்புறம் குன்றுகளைத் தேடி ஊர்ந்து போனது, 2006-இல் முன்சக்கரம் ஒன்று நின்றுபோனது, அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்னோக்கியே ஓட்டினார்கள். அந்த முடமான சக்கரம் கீறிய தடத்தில் 2007-இல் வெள்ளை வெளேரென்று மண் தெரிந்தது. பார்த்தால் ஏறக்குறைய சுத்தமான சிலிக்கா, கண்ணாடி செய்யப் பயன்படுகிற பொருள். வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்த இடத்தில்தான் பொதுவாக அப்படிச் சேரும். எந்தக் கேமராவும் மேலிருந்து இதைப் பார்த்திருக்க முடியாது.

உடனே மேலிருப்பது தண்டம் என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்பிரிட் போன அதே 2004-இல் ஆப்பர்சூனிட்டி ரோவர் இறங்கிய இடத்தில் ஹெமடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதைச் சுற்றுகலன்தான் முன்கூட்டியே சொன்னது, கீழே போனால் அது குண்டுமணி போலச் சிதறிக் கிடந்தது, நீர் இருந்ததற்கு நல்ல சாட்சி. 2021-இல் பெர்செவரன்ஸ் ஜெசரோ பள்ளத்தில் இறங்கியபோது, சுற்றுகலன் படங்களால் செய்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே தெரிகிற தரையோடு அதை ஒப்பிட்டு, ஆபத்தில்லாத இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது.

*ரோவர் எடுக்கும் படங்கள் நேராகப் பூமிக்கு வருகின்றனவா?*
(பத்தாம் வகுப்பு மாணவி, தேனி)

கொஞ்சம்தான் அப்படி வருகிறதம்மா. ரோவரில் இருப்பது சின்ன ஆன்டெனா, நேரடியாகப் பேசினால் வேகம் ரொம்பக் குறைவு. அதனால் தலைக்கு மேலே சுற்றுகலன் கடக்கிற சில நிமிடங்களில் எல்லாவற்றையும் அதனிடம் கொட்டிவிடும், அது தன் பெரிய ஆன்டெனாவால் பூமிக்கு அனுப்பும். 2001-இல் போன ஒடிஸி சுற்றுகலன்கூட இந்த அஞ்சல் வேலையைப் பார்த்திருக்கிறது. 2012-இல் கியூரியாசிட்டி ரோவர் பத்திரமாக இறங்கிய செய்தியை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான்.

*ஒரு படத்தில் செவ்வாய் சிவப்பு, இன்னொன்றில் நீலம். எது நிஜம்? ஏமாற்றுகிறார்களா?*
(வாசகர், மதுரை)

ஏமாற்று இல்லை, ஆனால் படத்தின் கீழே இருக்கும் விளக்கத்தை வெட்டிவிட்டுப் பகிர்கிறவர்கள் செய்வது கிட்டத்தட்ட அதுதான். ஹைரைஸ் படங்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் சேர்த்து நிறம் கொடுப்பதால் கருமணல் மேடு நீலமாகத் தெரியும். ரோவர் படங்களைச் சில சமயம், பூமி வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பாறை எப்படி இருக்குமோ அப்படி மாற்றுவார்கள், புவியியலாளர்களுக்கு அதுதான் வசதி. ஒரு நீலம் மட்டும் நிஜம்: அங்கே சூரியன் மறையும்போது அதைச் சுற்றியுள்ள வானம் உண்மையிலேயே நீலம்தான். காற்றிலுள்ள மெல்லிய தூசி செய்கிற வேலை.

*நம் மங்கள்யான் கேமராவும் ஹைரைஸ் மாதிரியா?*
(வாசகி, பொள்ளாச்சி)

இல்லை. மங்கள்யான் திட்டத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்த விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை உங்கள் பக்கத்துக் கோதவாடிக்காரர் என்பதால் கேட்கிறீர்கள் போல! ஹைரைஸ் ஒரு தடவையில் சுமார் 6 கி.மீ. அகலப் பட்டையைத்தான் பார்க்கும். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்த மங்கள்யானோ 421 கி.மீ.-யில் தொடங்கி ஏறக்குறைய 77,000 கி.மீ. வரை விலகிப்போகும் நீள்வட்டத்தில் சுற்றியது. அவ்வளவு தள்ளி நின்றதால் முழுக் கோளையும் ஒரே படத்தில் அடக்க முடிந்தது. சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில், ஆறு மாதத்துக்கென்று அனுப்பியது, 2022 வரை தொடர்பில் இருந்தது. ஹைரைஸோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவதில் அர்த்தமில்லை.

*சோலார் தகட்டில் தூசி படிந்து ரோவர்கள் செத்துப்போகின்றனவே, கார் கண்ணாடிக்குப் போடுகிற வைப்பர் ஒன்று வைக்கத் தெரியாதா?*
(மெக்கானிக், ஓசூர்)

இதைக் கேட்காத ஆளே இல்லை. வைப்பர் என்றால் மோட்டார், கூடுதல் எடை, கெட்டுப்போக இன்னொரு பொருள், அதோடு அந்தத் தூசி பொடிப்பொடியாக ஒட்டிக்கொள்ளும், தேய்த்தால் கீறலும் விழும். 90 நாளுக்கென்று திட்டமிட்ட ஆப்பர்சூனிட்டிக்கு அவ்வப்போது காற்றே தகட்டைத் துடைத்துவிட்டது, 2018-இல் கோளையே மூடிய புழுதிப் புயல் வரும்வரை 14 ஆண்டுக்கு மேல் ஓடியது. இடம்விட்டு நகராத இன்சைட் கலத்தில் 2021-இல் ஒரு வேடிக்கையான வைத்தியம் செய்தார்கள்: தகட்டின் அருகே வேண்டுமென்றே மணலைத் தூவினார்கள், பருமணல் காற்றில் துள்ளிப்போகும்போது மெல்லிய தூசியையும் தள்ளிக்கொண்டு போனது, கொஞ்சம் மின்சாரம் கூடியது. ஆனாலும் 2022 டிசம்பரோடு அதன் கதை முடிந்தது. கியூரியாசிட்டிக்கும் பெர்செவரன்ஸுக்கும் சோலார் தகடே கிடையாது, அதனால் இந்தத் தொல்லை இல்லை. கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரங்கள் கல் குத்திக் கிழிந்த கதை ஒன்று இருக்கிறது, மெக்கானிக்கான உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த தடவை அதையே கேள்வியாக அனுப்புங்கள்.