விடை சரி, மார்க் எங்கே போனது?

கேள்வி: கால்குலஸ் தேர்வில் எனக்கு விடைகள் சரியாகத்தான் வருகின்றன. ஆனால் "காரணம் கூறுக" என்று கேட்கும் இடத்திலெல்லாம் பாதி மார்க் போய்விடுகிறது. எக்ஸ் கியூப் மைனஸ் 3 எக்ஸ் என்ற சார்புக்கு எக்ஸ் = 1-இல் இடஞ்சார்ந்த சிறுமம் (பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய மதிப்பு) என்று கண்டுபிடித்து, "அது மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு மாறுகிறது, ஆகவே சிறுமம்" என்று எழுதினேன். சுழித்துவிட்டார்கள். வேறு என்னதான் எழுதுவது?

பதில்: எது மாறுகிறது? திருத்துபவர் கேட்கும் கேள்வி இவ்வளவுதான். சார்பை எஃப் என்று வைத்துக்கொள்வோம். 1-இல் எஃப்-இன் மதிப்பு மைனஸ் 2, பக்கத்தில் 0.9-இலும் 1.1-இலும் போட்டுப் பாருங்கள், இரண்டுமே மைனஸ்தான். அதாவது உங்கள் "அது" எஃப்-ஐக் குறித்தால் நீங்கள் எழுதியது தப்பு, எஃப் டேஷை, அதாவது எஃப்-இன் வகைக்கெழுவைக் குறித்தால் சரி. இரண்டில் எது உங்கள் மனதில் இருந்தது என்று விடைத்தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழில் எழுவாயே இல்லாமல் "மாறுகிறது, ஆகவே சிறுமம்" என்று எழுதினாலும் வாக்கியம் நிற்கும் என்பதால் நமக்கு இந்த வழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. பேசும்போது பரவாயில்லை, விடைத்தாளில் சார்பின் பெயரைப் போட்டே எழுதுங்கள்: "எக்ஸ் = 1-இல் எஃப் டேஷ் மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு மாறுகிறது, எனவே அங்கே எஃப்-க்கு இடஞ்சார்ந்த சிறுமம்." ஒரே வரி, முழு மார்க்.

"எஃப் டேஷ் பூஜ்யம், ஆகவே சிறுமம்" என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. எக்ஸ் கியூபுக்கு 0-இல் வகைக்கெழு பூஜ்யம்தான், அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. வளைவு வளையும் திசை மாறும் இடமான வளைவு மாற்றப் புள்ளிக்கும் இதே கதை: எக்ஸ் பவர் 4-க்கு 0-இல் எஃப் டபுள் டேஷ் (இரண்டாம் வகைக்கெழு) பூஜ்யம், ஆனால் குறி மாறவில்லை, அதனால் அது வளைவு மாற்றப் புள்ளி இல்லை.

சரி, உங்கள் சார்பையே மைனஸ் 2 முதல் 3 வரை எடுத்துக்கொண்டு மிகப் பெரிய மதிப்பு எது என்று கேட்டால்? பலர் மைனஸ் 1-இல் எஃப் டேஷ் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாறுகிறது, அங்கே மதிப்பு 2, அதுதான் விடை என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஓரத்தில், 3-இல், 18 உட்கார்ந்திருக்கிறது! குறி மாற்றம் பக்கத்து ஊர் வரைக்கும்தான் செல்லும். முழு இடைவெளிக்கும் பேச வேண்டுமென்றால் இரண்டு முனைகளையும், எஃப் டேஷ் பூஜ்யமாகும் நிலைப்புள்ளிகளையும் சேர்த்து நான்கு மதிப்புகளையும் எழுதிக் காட்டுங்கள்: எக்ஸ் மைனஸ் 2, மைனஸ் 1, 1, 3 ஆகும்போது முறையே மைனஸ் 2, 2, மைனஸ் 2, 18. அப்போதுதான் மிகச் சிறிய மதிப்பு இரண்டு இடத்தில் வருவதும் கண்ணில் படும்.

தேற்றம் பயன்படுத்தினால் அதன் நிபந்தனையையும் எழுதியாக வேண்டும். எஃப் 1-இல் மைனஸ் 2, 2-இல் பிளஸ் 2, ஆகவே நடுவில் எங்கோ பூஜ்யம் என்பது பாதிக் காரணம். 1 பை எக்ஸ் கூட மைனஸ் 1-இல் மைனஸ், 1-இல் பிளஸ், ஆனால் அது எங்கேயும் பூஜ்யம் ஆவதில்லை. "எஃப் பல்லுறுப்புக்கோவை, அதனால் தொடர்ச்சியானது" என்ற வார்த்தைகள்தான் இடை மதிப்புத் தேற்றத்துக்குக் (தொடர்ச்சியான சார்பு இரண்டு மதிப்புகளுக்கு நடுவிலுள்ள எல்லா மதிப்பையும் தொடும் என்பது) கதவைத் திறக்கின்றன.

அப்புறம், பயந்துபோய் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். சரியான வரிக்குக் கீழே தப்பான வரி ஒன்று சேர்ந்தால் கிடைத்த மார்க்கும் போகலாம். எஃப் டேஷின் குறியைப் பிளஸ் மைனஸ் போட்டு எண்கோட்டில் காட்டுவது உங்கள் கணக்குக்கு, அதை மட்டும் காரணமாக ஏற்காத திருத்துநர்கள் உண்டு. கோட்டுக்குக் கீழே அந்த ஒரு வரியையும் எழுதிவிடுங்கள்.