வேட்பாளரிடம் மாட்டைப் பற்றியும் கேட்கலாம்

கால்நடை கேள்வி - பதில்

சென்ற இதழில், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் வாயில்லா ஜீவன்களுக்காகவும் ஒரு கேள்வி கேளுங்கள் என்று இரண்டே வரி எழுதியிருந்தேன். மடிநோய், கோமாரி பற்றி வழக்கமாக வரும் கடிதங்களைவிட அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் அதிகம். இந்த இதழ் முழுவதும் அவற்றுக்கே.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: டாக்டரம்மா, நான் முதல்முறையாக வாக்களிக்கப் போகிறேன். எங்கள் தொகுதியில் நிற்பவர்களில் யார் விலங்குகள் பக்கம் நிற்பார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோருடைய பிரமாணப் பத்திரத்தையும் இறக்கிப் படித்துவிட்டேன். அதில் ஒன்றுமே இல்லை.

இருக்காதும்மா. வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைத்தான் கேட்கும். கொள்கையைக் கேட்காது. ஆகவே நேரில்தான் கேட்க வேண்டும். ஆனால் "உங்களுக்கு விலங்குகள் என்றால் பிரியமா?" என்று கேட்காதே. எங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது, அம்மா பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பார் என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் செய்ய முடியாது. ஐம்பது ரூபாயைப் பற்றிக் கேள்.

நான் அரசுப் பணியில் சேர்ந்த நாலாவது வருஷம். கேரளா போகும் சாலையில் ஒரு சோதனைச் சாவடியில் லாரி ஒன்றை மடக்கிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதில் இருபத்து மூன்று இருந்தன. தலை குனிய முடியாதபடி மூக்கணாங்கயிற்றை மேல் கம்பியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். படுத்துவிடாமல் இருக்கக் கண்ணில் மிளகாய்ப்பொடி. சிலவற்றின் வாலைத் தொட்டபோது உள்ளே எலும்பு துண்டு துண்டாக நகர்ந்தது. இரண்டு மாடுகள் செத்து மற்றவற்றின் காலடியில் கிடந்தன. ஒரு கிடேரிக்கு ஏழு மாதச் சினை. கைவிட்டுப் பார்த்தேன், கன்று அசைந்தது. விடியும்வரை கால்சியமும் குளுக்கோஸும் ஏற்றினேன். மறுநாள் மத்தியானம் தாயும் போய், கன்றும் போனது.

ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகக் காயச் சான்று எழுதினேன். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி விரல் வீங்கிவிட்டது. வழக்கு முடிந்தபோது ஓட்டுநர் கட்டிய அபராதம் 50 ரூபாய். அன்று ராத்திரி அந்தக் கிடேரிக்கு ஏற்றிய பாட்டில்களின் விலையே அதைவிட அதிகம்.

இதில் நீதிமன்றத்தின் மேல் தவறில்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அவ்வளவுதான் அனுமதிக்கிறது. அடிப்பது, தாங்க முடியாத பாரம் ஏற்றுவது, பட்டினி போடுவது, துன்பம் தரும்படி வண்டியில் அடைத்துக்கொண்டு போவது, எல்லாம் அந்த ஒரே பிரிவில் வருகின்றன. முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்றைக்கும் அதே தொகைதான். இதைத் திருத்த 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது. கொடூர வதை என்று தனி வகை, அதற்குச் சிறைத்தண்டனை என்றெல்லாம் அதில் இருந்தது. இந்தப் பதிலை எழுதும் நாள்வரை அது சட்டமாகவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 325ஆம் பிரிவு நல்ல பிரிவு. எந்த விலங்கைக் கொன்றாலும், விஷம் வைத்தாலும், ஊனப்படுத்தினாலும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால் பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு புதியதில் இல்லை. விலங்குகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்குவோர் மேல் வழக்குப் போட இருந்த தனிப்பிரிவு அதோடு போய்விட்டது. அப்படிக் கொண்டுவரப்பட்ட ஆட்டுக்குத் தையல் போட்டவள் நான். அதற்கும் இப்போது இந்த ஐம்பது ரூபாய்ப் பிரிவைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

உன் வேட்பாளருக்கு இது தெரியுமா என்று கேள். தெரியாது என்று சொன்னால் தப்பில்லை, சொல்லிக் கொடு. தெரிந்த பிறகு என்ன சொல்கிறார் என்று பார். ஓர் ஆளால் என்ன ஆகும் என்று சொன்னால் ருக்மிணி தேவி அருண்டேலைப் பற்றிச் சொல். கலாக்ஷேத்ராவை நிறுவியவர் என்று நமக்குத் தெரியும். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனி ஆளாக ஒரு மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது அப்படித்தான். அவர் எந்தக் கட்சிக்கும் தலைவர் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து காளை வளர்ப்பவர்: எங்க வேட்பாளர்கிட்ட கேட்டுட்டேன் டாக்டர். "அது மத்திய சட்டம் தம்பி, எம்.எல்.ஏ. என்ன பண்ண முடியும்"ன்னு சொல்றாரு. ஊர்ல வேற, மாட்டு நலம் பேசுனா ஜல்லிக்கட்டுக்கு எதிரின்னு பாக்குறாங்க.

தம்பி, அந்தப் பதிலை உங்கள் மாவட்டத்தில் நின்றுகொண்டு ஒருவர் சொல்லக் கூடாது. ஜல்லிக்கட்டு அதிகம் நடக்கும் மாவட்டம் உங்களுடையது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்ததே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 21ஆம் தேதி அவசரச் சட்டம். 23ஆம் தேதி சட்டமன்றம் கூடி, அன்றைக்கே மசோதாவை நிறைவேற்றியது. பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மசோதா எதைத் திருத்தியது? "மத்திய சட்டம் தம்பி" என்று அவர் சொன்னாரே, அதே சட்டத்தைத்தான். விலங்கு வதைத் தடுப்பு, அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 17ஆம் எண்ணில் இருக்கிறது. மாநிலம் திருத்தலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். மாடு அவிழ்க்க ஒரே நாளில் திருத்தத் தெரிந்த சபைக்கு, லாரியில் மாட்டை நெரித்துக் கொல்கிறவனின் அபராதத்தையும் திருத்தத் தெரியும். மனது இருந்தால் போதும். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

எதிரி என்று சொல்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒன்பது தை மாதம் வாடிவாசலுக்குப் பின்னால் பரிசோதனைக்கு நின்றிருக்கிறேன். காளையின் வாயை மோந்து பார்த்துச் சாராய வாடை அடித்தால் திருப்பி அனுப்புவேன். கண் சிவந்து நீர் வடிந்தால் திருப்பி அனுப்புவேன். என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் எல்லோரும் வாடகைக்கு மாடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள். கன்றிலிருந்து வளர்த்தவன் ஒருவன்கூடச் சண்டை போட்டதில்லை. "நல்லாப் பாருங்கம்மா" என்று நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பான். அந்த ஆட்கள்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள்.

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஆடு வளர்க்கும் பெண்: போன மாசி மாதம் எங்க பட்டியில ஒரே ராத்திரியில பதினோரு செம்மறி போச்சுங்க. எல்லாம் தெருநாய். நீங்க நாய்க்கும் சேர்த்துப் பேசுறீங்க. நாய் எல்லாத்தையும் ஒழிச்சுக்கட்டறேன்னு சொல்ற வேட்பாளருக்குத்தான் எங்க ஓட்டு.

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டி பட்டியாக ஆடுகள் கடிபட்டதும், செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டதும் எனக்குத் தெரியும். தொண்டை கிழிந்த ஆட்டின் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். நாய்க்காகப் பேசுவதாகச் சொல்பவர்கள் உங்கள் பட்டியை மறந்துவிட்டுப் பேசினால், அவர்கள் பேசுவதில் பாதி விலங்குகள் இல்லை.

ஆனால் "ஒழிச்சுக்கட்டறேன்" என்பவரிடம் எப்படி என்று கேளுங்கள். சென்னை மாநகராட்சி நூறு வருஷத்துக்கு மேல் நாய்களைப் பிடித்துக் கொன்றது. 1996இல்தான் கருத்தடை வழிக்கு வந்தது. அவ்வளவு காலம் கொன்றும் நாய் குறையவில்லை. காரணம் எளிது. பெட்டை நாய்க்கு இரண்டு மாதச் சினை, வருஷத்துக்கு இரண்டு ஈற்று வரை. ஓர் இடத்தில் தீனி இருந்து நாய் இல்லை என்றால் பக்கத்து ஊர் நாய் வந்து சேரும். உங்கள் ஊர்ச் சாலையோரம் ராத்திரியில் கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போவது யார் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டமாகச் சேர்ந்து, ரத்த ருசி கண்ட நாய்கள் அங்கிருந்துதான் பட்டிக்கு வருகின்றன.

2023ஆம் ஆண்டு கருத்தடை விதிகளின்படி நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பொறுப்பு உள்ளாட்சியுடையது. வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் திரும்ப விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. காப்பகம் எங்கே? அதற்கு இடம், ஆள், தீனி யார் தருவது? பேரூராட்சிகளில் அறுவை மேசை உள்ள கொட்டகைகூட இருக்காது. பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் அடங்கும். இரண்டு மூன்று நாயைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பணம் வீண்.

ஆகவே அவரிடம் இப்படிக் கேளுங்கள்: இந்த ஒன்றியத்துக்குக் கருத்தடை மையம் எப்போது வரும், கோழிக்கழிவு கொட்டும் வண்டியை யார் பிடிப்பார்கள், செத்த ஆட்டுக்கு நஷ்டஈடு எத்தனை நாளில் கைக்கு வரும். மூன்றுக்கும் பதில் சொல்பவர் உங்கள் ஆட்டுக்கும் நல்லவர், நாய்க்கும் நல்லவர். பட்டியில் கடிபட்டுப் பிழைத்த ஆடுகள் இருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி போடுங்கள். கழுவுபவர் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: பிரசார ஊர்வலத்தில் குதிரை, ஒட்டகம் கொண்டுவருகிறார்களே, சரியா?

கூடாது. பிரசாரத்தில் விலங்குகளை எந்த வகையிலும் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையமே கட்சிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 1989 தேர்தலில் அ.தி.மு.க.வின் ஓர் அணிக்குச் சேவலும் மற்றொன்றுக்கு இரட்டைப் புறாவும் சின்னமாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பிற்பாடு ஆணையம் புதிதாக விலங்கு, பறவைச் சின்னம் ஒதுக்குவதையே நிறுத்திவிட்டது. ஊர்வலத்தைப் பார்த்தால் படம் எடுத்துத் தேர்தல் பார்வையாளருக்கு அனுப்புங்கள்.

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர்: நீங்க சொல்ற மாதிரி ஆளுங்க ஜெயிச்சு வந்தா எங்க குலசாமிக்குக் கிடா வெட்ட விடுவாங்களாம்மா?

ஐயா, எங்கள் குலசாமியும் கருப்புதான். எங்கள் அப்பா நேர்ந்துவிட்ட கிடா என் பின்னாலேயே பள்ளிக்கூடம்வரை வரும். அது வெட்டுப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் சாப்பிட்டதில்லை. ஆனால் அது என் மனசு. ஊருக்கு நான் சட்டம் போட முடியாது.

இங்கே அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. கோயில்களில் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950 முதல் ஏட்டில் இருந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக நிறைவேற்றச் சொன்னது. கிராமம் கிராமமாகச் சாமியாடிகள் கலங்கிப் போனார்கள். 2004 பிப்ரவரியில் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். மதம் கேட்கும் முறையில் கொல்வது குற்றமாகாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் சொல்கிறது. எனக்கு அந்த நாட்களில் பட்ட வருத்தம் வேறு: சாமி முன்னால் ஒரு நொடியில் போகிற கிடாவுக்காக அவ்வளவு பேர் பேசினார்கள். சந்தைக்குப் போகும் வழியில் டெம்போவில் கால் கட்டிப் போட்டு மூச்சு முட்டும் ஆடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் கிடாவை நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் காட்டுங்கள். வேட்பாளரிடம் அந்த டெம்போவைப் பற்றிக் கேளுங்கள்.

கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான். இதையெல்லாம் கேட்கலாமா?

முதலில் கேட்க வேண்டியதே இதுதானம்மா. வதைத் தடுப்புச் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, ஆனால் கால்நடை மருத்துவம் முழுக்க மாநிலத்தின் கையில். எம்.எல்.ஏ. சாக்குச் சொல்ல இடமே இல்லை. நான் ஒரே நேரத்தில் மூன்று மருந்தகங்களுக்குப் பொறுப்பாக இருந்திருக்கிறேன். கன்று குறுக்கே மாட்டிய மாட்டுக்குப் பொழுது விடியும்வரை பொறுக்க முடியாது. மூன்றாவது ஊருக்கு நான் போய்ச் சேரும்போது பல தடவை மாட்டுக்காரர் வாசலில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்பார். காலிப் பணியிடம் எத்தனை, எப்போது நிரப்புவீர்கள் என்று தேதி கேளுங்கள். அதுவரை 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வரும். கட்டணம் கிடையாது. அந்த எண்ணைத் தொழுவத்துச் சுவரில் கரியால் பெரிதாக எழுதிவையுங்கள், வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் எண்ணை வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.