கேளுங்கள் அக்கா: வரிக் கணக்கைக் காசு செலவில்லாமல் ஒப்படைக்கலாமா?

இலங்கையின் ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். ஒரு தோட்ட அலுவலகத்தில் 26 வருஷம் சம்பளப் பட்டியல் எழுதியவள் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வருமான வரி பற்றியவை. மூன்றை எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, நான் ஆசிரியை. மாதம் 1,20,000 ரூபாய் சம்பளம். மேல்மாடியை 45,000க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வருமான வரி விவரத்திரட்டை இணையத்தில் நிரப்பிக் கொடுக்க டவுனில் 7,500 கேட்கிறார்கள். குறைந்த செலவில் வழி உண்டா?" (தலவாக்கலை)

உண்டு டீச்சர். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விவரத்திரட்டை, அதாவது வருஷ வருமானக் கணக்கை, ஒப்படைக்க ஒரு சதமும் கட்டணம் இல்லை. வரிக் கோப்பில் உங்களை அடையாளம் காட்டும் டின் இலக்கம் எடுப்பதும் இலவசம். அந்த 7,500 ரூபாய் நிரப்பிக் கொடுப்பவரின் கூலி மட்டும்தான்.

முதலில் உங்களுக்கு எவ்வளவு வரி வரும் என்று பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான ஆண்டை எடுங்கள். சம்பளம் 14,40,000. வாடகை 5,40,000. பழுதுபார்ப்பு, பராமரிப்புக்கென்று வாடகையில் 25 வீதத்தைச் சட்டமே கழிக்கிறது, பற்றுச்சீட்டு எதுவும் தேவையில்லை. 1,35,000 போக மீதி 4,05,000. சம்பளத்தோடு கூட்டினால் 18,45,000. வரி போடாமல் விடும் தனிநபர் நிவாரணம் 18,00,000. மிஞ்சுவது 45,000. அதற்கு 6 வீதம், 2,700 ரூபாய்.

வருஷம் முழுவதற்கும் உங்கள் வரி 2,700. அதை எழுதித் தர 7,500 கேட்கிறார்கள்! இதைப் படித்தபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. சிக்கலான வியாபாரக் கணக்கு உள்ளவர்கள் கணக்காளரிடம் போகத்தான் வேண்டும், அவருடைய கூலியும் நியாயமானது. உங்களுடையது ஒரு சம்பளமும் ஒரு வாடகையும். நீங்களே செய்யலாம்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு என் முதல் விவரத்திரட்டை ஒரு கொமியூனிகேஷன் கடையில் 5,000 ரூபாய் கொடுத்துச் செய்வித்தேன். தம்பி வேகமாகத்தான் அடித்தான். வைப்புக்கு வந்த வட்டியை எழுதினான், அந்த வட்டியில் வங்கி ஏற்கெனவே வெட்டிய வரியை எழுதாமல் விட்டுவிட்டான். வங்கி தந்த சான்றிதழ் என் கையிலேயே இருந்தது. அதில் இரண்டு தொகைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறான். ஒருமுறை கட்டிய வரி திரும்பவும் கட்ட வேண்டியதாக வந்து நின்றது. திருத்தலாம் என்று உள்ளே போகப் பார்த்தால், தளத்துக்குள் நுழையும் என் இரகசிய இலக்கத்தை, பின் இலக்கத்தை, அவனுடைய மின்னஞ்சலுக்கு வாங்கி வைத்திருக்கிறான். மழையில் நாலு தரம் அலைந்தேன்.

அதனால் டீச்சர், உதவி கேளுங்கள், ஆனால் கணக்கை அவர்கள் கையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பதிவில் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கமும் உங்கள் சொந்த மின்னஞ்சலும் இருக்கட்டும். பின் இலக்கம் உங்கள் ஏடிஎம் அட்டை இலக்கம் மாதிரி. பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அடிப்பது நீங்களாக இருங்கள்.

கடதாசிகளை முதலே சேர்த்துக்கொண்டால் முக்கால் வேலை முடிந்த மாதிரி. வருஷச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் டி10 படிவத்தைக் காரியாலயத்தில் கேளுங்கள். வாடகை வாங்கியதை ஒரு கொப்பியில் மாதவாரியாக எழுதி வையுங்கள். சொத்து, கடன் விவரமும் கேட்பார்கள். அதற்கு மார்ச் 31 அன்று ஒவ்வொரு கணக்கிலும் இருந்த மீதி, காணி, வாகனம், நகை, அடைக்க வேண்டிய கடன் எல்லாம் வேண்டும். நான் மார்ச் முடிந்த கையோடு வங்கிப் புத்தகங்களைப் பதிந்துகொண்டு வந்து, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்துவிடுவேன்.

போனில் செய்ய வேண்டாம். சின்னத் திரையில் ஒரு கட்டத்துத் தொகை இன்னொரு கட்டத்துக்குப் போய்விடும். கணினி இல்லாவிட்டால் அதே கொமியூனிகேஷனில் மணிக்கணக்குக்குக் கணினியை மட்டும் வாடகைக்கு எடுங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் போய் வரும், காலையிலேயே உட்காருங்கள். ஒப்படைத்ததும் வரும் ஏற்புச் சீட்டைச் சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்து, அதே உறையில் வையுங்கள்.

திகதிகள்: வரியைத் தவணையாகக் கட்டுவது ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதி. மிச்சம் மீதி இருந்தால் மார்ச் முடிந்து வரும் செப்டம்பர் 30க்குள். விவரத்திரட்டு அதே வருஷம் நவம்பர் 30க்குள். கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம், எல்லோரும் அப்போதுதான் தளத்துக்குள் வருவார்கள். எங்காவது தடுக்கினால் திணைக்களத்தின் 1944 தொலைபேசிக்கு எடுங்கள், தமிழில் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

"தோட்டத்தில் இருந்து ஓய்வு பெற்று, சேமலாப நிதிப் பணத்தை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டேன். மாதம் 16,000 வட்டியில் 1,600 வெட்டுகிறார்கள். வேறு வருமானம் இல்லை. இது சரியா?" (பண்டாரவளை)

வங்கி செய்தது பிழையில்லை ஐயா. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 வீதம் பிடிக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, அதற்கு முன்பு 5 வீதம். ஆனால் உங்கள் வருஷ வருமானம் 1,92,000தான். 18 இலட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. நீங்கள் செலுத்த வேண்டிய வரி பூச்சியம். வருஷத்துக்கு 19,200 ரூபாய் வீணாகப் போகிறது, அது உங்கள் மருந்துக் காசு.

வங்கிக் கிளைக்குப் போய், மொத்த வருமானம் வருஷத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் கொடுக்கும் சுயபிரகடனப் படிவத்தைக் கேளுங்கள். அடையாள அட்டையையும் டின் இலக்கத்தையும் கொண்டு போங்கள். நிரப்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அதற்குப் பிறகு வெட்ட மாட்டார்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு ஏப்ரலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டிய காசுக்கு வங்கியிடம் சான்றிதழ் வாங்கி, விவரத்திரட்டில் காட்டித் திருப்பிக் கேட்கலாம். இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள் ஐயா. பேரப்பிள்ளையைக் கூட்டிப் போங்கள், போதும்.

"மகன் கொழும்பில் கடையில் வேலை, சம்பளம் 65,000. டின் எடுத்தால் வரி கட்டச் சொல்லுவார்கள் என்று லயத்தில் பேசுகிறார்கள். எடுக்கலாமா?" (மஸ்கெலியா)

தாராளமாக எடுக்கட்டும் அண்ணே. 2024 முதல் 18 வயது ஆன எல்லோரும் பதிய வேண்டும் என்று அறிவித்தபோதே இந்தப் பயம் கிளம்பிவிட்டது. டின் என்பது ஓர் இலக்கம், அவ்வளவுதான். வரி விழுவது வருமானத்தைப் பார்த்து. 65,000ஐ 12 மாதத்துக்குப் பெருக்கினால் 7,80,000, எல்லையில் பாதிகூட இல்லை. அடையாள அட்டைப் படத்தோடு தளத்திலேயே அவராகப் பதியலாம், காசு இல்லை. பெயரும் விலாசமும் அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அடிக்கச் சொல்லுங்கள்.