500 மில்லிகிராம், சரி. எதன் எடை?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று எட்டு மாதம் ஆகிறது. குன்னூர்க் குளிரில் வீடே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, நான் மட்டும் நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி ஜன்னலைத் திறக்கிறேன். ஒரு கடையில் ‘ரெட் குளோவர் 500 மி.கி.’ என்று 60 காப்ஸ்யூல் டப்பா, 1,450 ரூபாய். “நம்ம ஊர்ப் புல்வெளியில் முளைக்கிற மூணு இலைச் செடிதாம்மா, பக்கவிளைவே கிடையாது” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. நம் புல்வெளிகளில் வெள்ளைப் பூ பூத்துக் கிடக்கிற குளோவர் வேறு, காப்ஸ்யூலுக்குப் போகிற சிவப்புக் குளோவர் வேறு. சொந்தக்காரச் செடிகள், அவ்வளவுதான்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்து 500 பெரும்பாலும் மொத்தச் சாற்றின் எடை. நீங்கள் காசு கொடுப்பது அதிலுள்ள ஐசோஃப்ளேவோன்கள் என்ற தாவரப் பொருள்களுக்கு: பயோகானின் ஏ, ஃபார்மோனோனெட்டின் என்ற இரண்டும் முக்கியம். ‘ஐசோஃப்ளேவோன் 8%’ என்று போட்டிருந்தால் ஒரு காப்ஸ்யூலில் 40 மி.கி. சதவீதமே இல்லையென்றால் அது வெறும் இலைப்பொடியாகவும் இருக்கலாம், அங்கேயே வைத்துவிடுங்கள்.

பயோகானின் உடம்புக்குள் போய் ஜெனிஸ்டீனாகவும், மற்றது டைட்சீனாகவும் மாறும். இரண்டும் சோயாவிலேயே இருப்பவைதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி லேசாக வேலை செய்யும். பலன்? 2003-இல் அமெரிக்காவில் 252 பெண்களை வைத்து 12 வாரம் சிவப்புக் குளோவர்ச் சாற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் திடீரென உடம்பு சூடாகிற தொல்லை குறைந்தது. வேறு சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது. 1,450 ரூபாய்க்கு இது போதுமா என்பது உங்கள் கணக்கு. நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

‘பக்கவிளைவே கிடையாது’ என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவரை மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. காரணம் இதே ஃபார்மோனோனெட்டின். ஆடு நாள்பூரா மேய்ந்த அளவு வேறு, உங்கள் ஒரு காப்ஸ்யூல் வேறு. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அப்புறம், இது உணவுச் சேர்க்கையாக விற்கப்படுவது. லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்ற பொருளில் எச்சரிக்கையும் இருக்க வேண்டும். அப்படிப் போட்டுவிட்டு, நோய் தீரும் என்று வாயால் விற்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். கையில் பில் இருக்கட்டும்.