இமயத்து மஹசீரும் ஃப்ளை தூண்டிலும்: கேள்வி பதில்

பொன் மஹசீர் என்பது இமய ஆறுகளில் வாழும், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மீன். உத்தராகண்டின் குமாவுன், கட்வால் மலை ஆறுகளில் ஃப்ளை முறையில், அதாவது இறகும் ரோமமும் கட்டிய செயற்கை இரையால், அதைப் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஐயா, ஏரியில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்துப் பழகியவன் நான். ஃப்ளை முறையில் அப்படி என்ன வேறுபாடு?

ஏரியில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். இறகும் ரோமமும் கட்டிய ஃப்ளைக்குப் பெரிதாகக் கனம் கிடையாது. பூச்சுப் பூசிய தடித்த நரம்புதான் கனம். அதைச் சாட்டைபோல் பின்னுக்கும் முன்னுக்கும் வீசித்தான் ஃப்ளையைக் கொண்டுசேர்க்க வேண்டும். முதலில் முள் கட்டாமல் மைதானத்தில் பழகுங்கள். ஆற்றங்கரையில் வந்து கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பினால் பின்னாலிருக்கும் புதரைத்தான் பிடிப்பீர்கள்.

எந்த மாதம், எந்த ஆறு?

மார்ச் முதல் மே வரை ஒரு பருவம். மழை ஓய்ந்தபின் அக்டோபர், நவம்பர் இன்னொன்று. மழைக்காலத்தில் மஹசீர் முட்டையிடக் கிளையாறுகளுக்குள் ஏறிவிடும். அப்போது அதை விட்டுவிடுங்கள்.

இடம் என்றால் நான் முதலில் கூடுதுறைகளைத்தான் சொல்வேன். நேபாள எல்லையில் பஞ்சேஸ்வரத்தில் சரயு மகாகாளியில் கலக்கிறது. ரிஷிகேஷுக்கு மேலே வியாஸ்காட்டில் நயார் கங்கையில் சேர்கிறது. மகாகாளியும் கங்கையும் பனியுருகி வரும் ஆறுகள்; குளிர்ந்தவை, வெயில் ஏற ஏறக் கலங்குபவை. சரயுவும் நயாரும் தெளிந்தவை, சற்று வெதுவெதுப்பானவை. கலங்கலும் தெளிவும் உரசும் அந்தக் கோட்டை ஒட்டியே பெரிய மீன் இரைக்காகக் காத்து நிற்கும். ஃப்ளை அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கும்படி வீசுங்கள். விடியலும் அந்தியும் நல்ல நேரம். நடுப்பகலில் தூங்கலாம்.

ராம்கங்காவிலும் மீன் உண்டு. ஆனால் கார்பெட் தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடக்கூடாது. பூங்காவுக்கு வெளியே, அனுமதிச் சீட்டோடு மட்டுமே.

தூண்டில் 8-ஆம் எண் போதுமா, 10 வேண்டுமா?

இந்த எண் தூண்டில் எவ்வளவு கனமான நரம்பை வீசும் என்பதைக் குறிக்கும். 9 அடி நீளத்தில் 8 போதும். நீர் மிகுந்த பெரிய ஆறென்றால் 10. பலரும் தூண்டிலில் பணத்தைக் கொட்டிவிட்டு ரீலில் மிச்சம் பிடிக்கிறார்கள். வேலை ரீலுக்குத்தான். பிரேக் உறுதியாக இருக்க வேண்டும். தடித்த நரம்புக்குப் பின்னால் குறைந்தது 150 மீட்டர் மெல்லிய நரம்பு சுற்றியிருக்க வேண்டும்.

முள்ளிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மஹசீருக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிறது. நத்தை ஓட்டையும் நண்டையும் நொறுக்கும் பல் அது. மெல்லிய முள்ளை நசுக்கிவிடும். ஃப்ளைகளில் சிறுமீன் போலத் தெரியும் கிளௌசர் மின்னோ என் முதல் தேர்வு. ஈயக்கண் வைத்திருப்பதால் ஆழத்துக்கு இறங்கும். முள் மேல்நோக்கி இருப்பதால் கல்லில் சிக்குவது குறைவு.

குளிர்ந்த மலை ஓடைகளில் ட்ரௌட் மீன் நன்றாகப் பிடிப்பேன் அண்ணா. மஹசீர் மட்டும் கடித்ததும் நழுவிவிடுகிறது. ஏன்?

ட்ரௌட் பழக்கம்தான் காரணம். கடித்த நொடியில் தூண்டிலை மேலே தூக்குகிறீர்கள், இல்லையா? அப்படிச் செய்தால் தடித்த உதட்டில் முள் இறங்காது. தூண்டில் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி வைத்து, இடக்கையால் நரம்பை வெடுக்கென்று நேராக இழுங்கள்.

அதன்பிறகு காலடியைப் பாருங்கள். இழுத்துப் போட்ட நரம்பு சுருள் சுருளாகக் கிடக்கும்; மீனின் முதல் ஓட்டத்தில் அத்தனையும் சில நொடிகளில் பறந்துவிடும். ஒரு சுருள் செருப்பு வாரிலோ கல்லிலோ மாட்டினால் நரம்பு அறுந்தது அறுந்ததுதான். ரீல் சுழலும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள், விரல் முட்டியைப் பதம் பார்த்துவிடும். ஓட்டம் பெரும்பாலும் நீரோட்டத்தின் போக்கில்தான். நின்ற இடத்திலிருந்து மல்லுக்கட்டாமல், தம்பி, நீங்களும் கரையோடு இறங்கி ஓடுங்கள்.

எவ்வளவு பெரிய மீன் கிடைக்கும்?

1946-இல் கர்நாடகத்தின் கபினி ஆற்றில் பிடித்த 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ மஹசீரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது தெற்கத்திய திமில் மஹசீர், வேறு இனம். இமயத்தில் ஃப்ளையில் 4 கிலோ வந்தாலே கை வலிக்கும். 10 கிலோவைத் தாண்டினால் அதை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

குழம்பு வைத்தால் ருசியாக இருக்குமாமே?

மீன் குழம்புக்குக் கடைத்தெருவுக்குப் போங்கள். பொன் மஹசீர் அழியும் அபாயத்தில் உள்ள இனம். அணைகள் அதன் வழியை மறித்துவிட்டன. மிச்சத்தை வெடி வைத்தும் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் கொல்கிறார்கள். பிடித்தால் விட்டுவிடுவதுதான் இதில் நிபந்தனை. முள் நழுவாமல் தடுக்கும் பின்கொக்கியை முன்பே குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் நீரிலேயே வைத்து எடுங்கள். விடும்போது அதன் முகம் நீரோட்டத்தை எதிர்த்திருக்கட்டும். தானாகக் கையை உதறிப் போகும்வரை வாலடியைத் தளர்வாகப் பிடித்திருங்கள்.

நம் காவிரியில் முடியாதா?

கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் ஒருகாலத்தில் உலகெங்குமிருந்து வந்து பிடித்தார்கள். பிறகு அது தடை செய்யப்பட்டது. அங்குள்ள திமில் மஹசீர் 2018-இல் மிக அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. நீலகிரிப் பக்கத்து மோயாற்றிலும் அது வாழ்கிறது. அங்கே தூண்டில் கனவு வேண்டாம்.

தனியாகப் போகலாமா?

வேண்டாம். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே நீர்மின் நிலையம் இருந்தால் எந்த நேரத்தில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். முழங்கால் நீர் சட்டென்று இடுப்புக்கு ஏறிவிடும்.