பெரணியில் பழுப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மான்கொம்புப் பெரணியைப் பலகையில் கட்டி மூன்று வருடமாக வளர்க்கிறேன். பலகையோடு ஒட்டித் தட்டுப்போல் இருக்கும் அடி இலைகள் காய்ந்து பழுப்பாகிவிட்டன. உரித்துவிடலாமா? பச்சை இலைகளின் மேல் வெள்ளையாகத் தூசு வேறு படிந்திருக்கிறது, எப்படித் துடைப்பது?

முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். துணியையும்தான்.

இந்தச் செடிக்கு இரண்டு வகை இலை. மான் கொம்புபோல் கிளைத்துத் தொங்குவது ஒன்று. பெரணிக்கு விதைபோல உதவும் வித்துத்தூள் அதன் நுனியில்தான் உண்டாகும். மற்றொன்று நீங்கள் தட்டு என்கிறீர்களே, அது. பச்சையாக முளைத்து, பலகையை அணைத்துப் படர்ந்து, பிறகு காய்ந்து பழுப்பாகிவிடும். காய்ந்த பிறகும் அதற்கு வேலை உண்டு. வேரை மூடிக் காப்பது, ஈரத்தைப் பிடித்துவைப்பது, செடியை மரத்தோடு இறுக்கிப் பிடிப்பது எல்லாம் அதுதான். காட்டில் மேலிருந்து விழும் சருகைச் சேர்த்து மக்கவைத்து உரமாக்கிக்கொள்வதும் அதுவே.

நானும் ஒருமுறை உரித்தவள்தான். அசிங்கமாக இருக்கிறதே என்று ஓரத்தில் கத்தியை விட்டு நெம்பினேன். உள்ளே நனைந்த பழைய செய்தித்தாள் கட்டுபோல அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே கறுப்பு நூல் மாதிரி வேர்கள் பின்னிக் கிடந்தன. நாலாவது அடுக்கில் செடியே கையோடு வந்துவிட்டது. மறுபடி கட்டிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் தாய்ச்செடி போய்விட்டது. பக்கத்தில் கிளைத்திருந்த உள்ளங்கை அளவு குட்டி ஒன்றுதான் மிஞ்சியது. இன்று என் சுவரில் இருப்பது அந்தக் குட்டிதான்.

வெள்ளைத் தூசு தூசே அல்ல, நுண்ணிய ரோமம். இலையிலிருந்து நீர் அதிகம் ஆவியாகாமல் காப்பது அது. துடைத்தால் போய்விடும், அந்த இலையில் திரும்ப வராது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பலகையைத் தூக்கிப் பாருங்கள். கனம் இருந்தால் விட்டுவிடுங்கள். லேசாகி, கொம்புகளும் துவண்டால் பலகையோடு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, சொட்டு நின்றதும் மாட்டுங்கள். வெயில் நாளில் வாரம் ஒருமுறை, குளிரில் இன்னும் தள்ளி. கொம்பின் அடிப்பகுதி கறுத்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

பறவைக்கூட்டுப் பெரணியின் இலைக்கு அடியில் பழுப்புக் கோடுகள். பூச்சியா? மருந்து அடிக்கலாமா?

கோடுகள் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கிச் சாய்வாக, சீப்புப் பல்போல வரிசையாக இருக்கின்றனவா? அப்படியானால் அது வித்துத்தூள் பைகளின் வரிசை. செடி வளர்ந்து ஆளாகிவிட்டது, சந்தோஷப்படுங்கள். செதில் பூச்சிக்கு வரிசை தெரியாது. நரம்பை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், கீழே உள்ள இலை பிசுபிசுக்கும். அப்படி இருந்தாலும் மருந்து வேண்டாம், பெரணிகளுக்குப் பல மருந்துகள் ஒத்துக்கொள்ளாது. ஈரப் பஞ்சும் பொறுமையும் போதும். நடுவில் சுருண்டு நிற்கும் இளங்குருத்தை மட்டும் தொடாதீர்கள். விரல் பட்ட இடம் வடுவாகி, இலை விரிந்த பிறகும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தினம் ஐந்து முறை தண்ணீர் தெளிக்கிறேன். பாஸ்டன் பெரணியின் நுனி அப்படியும் காய்கிறது.

தெளித்த நீர் சற்று நேரத்தில் உலர்ந்துவிடும், கைதான் வலிக்கும். நாலைந்து செடிகளைச் சேர்த்து வையுங்கள், ஏசிக் காற்று நேராகப் படாமல் பாருங்கள். லண்டன் புகையில் பெரணி வளர்க்கத் தெரியாமல் திண்டாடிய வார்ட் என்ற மருத்துவர், 1829-ல் மூடிய கண்ணாடிப் புட்டியில் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவுக்காகப் போட்ட ஈர மண்ணில் ஒரு பெரணி தானாக முளைத்ததைக் கண்டார். புட்டிக்குள்ளேயே ஈரம் சுற்றிச்சுற்றி வந்ததில் அது சில வருடம் வாழ்ந்தது. கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்க்கும் பழக்கம் பரவியதே அதற்குப் பிறகுதான். அப்புறம், உரம் அதிகமானாலும் நுனி கருகும். பாக்கெட்டில் சொன்னதில் பாதி போடுங்கள்.

பறவைக்கூட்டுப் பெரணி மூன்றடி அகலமாகிவிட்டது. இரண்டாகப் பிரித்து நடலாமா, அல்லது இலைகளைப் பாதியாக வெட்டலாமா?

இரண்டும் வேண்டாம். அதற்கு ஒரே ஒரு நடுக்குருத்து, பிளந்தால் செடி போயிற்று. வெட்டிய இலை நுனி மறுபடி வளராது, மொட்டையாகவே நிற்கும். சோபாவை நகர்த்துங்கள்.