முதுகில் எண் சுமந்த மீன்

கேள்வி: எங்கள் வலையில் சிக்கிய சூரை மீனின் முதுகில், எண் அச்சிட்ட மஞ்சள் பிளாஸ்டிக் இழை ஒன்று செருகப்பட்டிருந்தது. இதைக் கொடுத்தால் பிடிக்கும் அளவைக் குறைத்துவிடுவார்கள், கடலில் வீசிவிடு என்கிறார்கள் உடன் தொழில் செய்பவர்கள். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து வீசிவிடாதீர்கள். பதினெட்டு ஆண்டுகள் மீன்களுக்கு இந்த ‘டேக்’ போட்டவன் நான். ஈரத்துணியால் கண்ணை மூடி, நீளம் அளந்து, இழையைச் செருகித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தாமதித்தால் மீன் பிழைக்காது. அப்படிப் பதைப்போடு விட்ட மீன் என்ன ஆனது என்பதை உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் அறிவோம்.

பயத்துக்கு வருகிறேன். 1,000 மீன்களுக்கு டேக் போட்டு விடுகிறோம் என்று வையுங்கள். பிறகு பிடிபடும் 10,000 மீன்களில் 50 டேக் கிடைத்தால், 200 மீனுக்கு ஒரு டேக். நாங்கள் போட்டதோ 1,000 டேக், ஆகவே கடலில் சுமார் 2,00,000 மீன்கள். அந்த ஐம்பதில் பாதியை வீசிவிட்டால் கணக்கு 4,00,000 என்று காட்டும்! இல்லாத மீனை நம்பிக் கூடுதலாகப் பிடிக்க அனுமதிப்பார்கள். பிறகு வெறும் வலையை இழுப்பது நீங்கள்தான். (செத்த மீன், கழன்று விழுந்த இழை ஆகியவற்றையும் கணக்கில் சேர்ப்போம். எத்தனை கழல்கின்றன என்று அறியவே சில மீன்களுக்கு இரண்டு இழை செருகுவது.) மீன் குறைவு என்று தெரிந்தால் கட்டுப்பாடு வரலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது உண்மைக் கணக்கில் வந்த கட்டுப்பாடாக இருக்கும்.

இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் 2007 வரை 1,60,000-க்கும் மேற்பட்ட சூரைகளுக்கு டேக் போட்டார்கள். 25,000-க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. பிடித்தவர்கள் கொடுத்ததால்தான்.

ஒருமுறை எனக்கு வந்த உறையில் டேக் மட்டும் இருந்தது. அந்த எண்ணை என் பதிவேட்டில் நானே எழுதியிருந்தேன். எங்கே, எப்போது பிடிபட்டது என்று ஒரு வரி இல்லை. அந்த மீன் எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு வளர்ந்தது, எதையும் சொல்ல முடியவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்.

ஆகவே இழையோடு தேதி, பிடித்த இடம், மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை உள்ள நீளம் மூன்றையும் எழுதி, அதில் அச்சிட்ட முகவரிக்கு அனுப்புங்கள். தேதி மறந்திருந்தால் எந்த வாரம் என்றாவது எழுதுங்கள்.